பால் சுறா: சிறிய மீனும் குட்டி மீனும்

காவிரிப் படுகையின் மீன் சந்தைகளில் 'பால் சுறா' என்ற பெயரில் விற்கப்படுவது ஒரே மீன் அன்று. பழையாறு, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை ஆகிய இறங்குதளங்களில் ஏலம் போய், ஐஸ் பெட்டிகளில் கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் வந்து சேரும் முழங்கை நீளச் சுறாக்களில், முழுதாக வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுவிடும் சிறிய இனங்கள் இருக்கின்றன. இரண்டு, மூன்று மீட்டர் வரை வளரக்கூடிய பெரிய இனங்களின், பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளும் இருக்கின்றன. கூடையில் கிடக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். குழம்பில் கொதித்த பிறகு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால், சுறாவை நாம் தொடர்ந்து சாப்பிடலாமா, அதனால் கடலில் அந்த மீன் அற்றுப்போகாமல் இருக்குமா என்ற கேள்விக்கான விடை பெரும்பகுதி இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

உண்மையான பால் சுறாவின் அறிவியல் பெயர் ரைசோபிரியோனோடான் அக்யூட்டஸ். முதுகு சாம்பல் நிறம், வயிறு வெள்ளை, மூக்கு நீண்டு கூர்மையானது, கண் பெரியது. கரையை ஒட்டிய மணல் தரையிலும் சேற்றுத் தரையிலும் திரிந்து சிறு மீன், இறால், கணவாய் ஆகியவற்றைத் தின்று வாழும். இதன் நெருங்கிய உறவான ரைசோபிரியோனோடான் ஒலிகோலிங்ஸ் இன்னும் சிறியது. இவற்றைத் தவிர, மகாராஷ்டிர, குஜராத் கடற்கரைகளில் மிகுதியாகவும் நம் பக்கம் குறைவாகவும் கிடைக்கும் ஸ்கோலியோடான் லாட்டிகாடஸ் என்ற தட்டை மூக்குச் சுறா முக்கால் மீட்டரைத் தாண்டுவதே அரிது. சிறிய உணவுச் சுறா என்று நியாயமாகச் சொல்லத்தக்கவை இவைதாம்.

இவற்றின் இனப்பெருக்கக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வஞ்சிரமோ மத்தியோ முட்டையிடும்போது ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் கடலில் விடுகின்றன. அவற்றில் மிகச் சிறு பங்கு பிழைத்தாலும் இனம் தழைக்கும். பால் சுறா முட்டையிடுவதில்லை. தாயின் கருப்பையில் தொப்புள்கொடி வழியாக உணவு பெற்று, ஏறக்குறைய ஓராண்டு வளர்ந்து, 25 முதல் 39 சென்டிமீட்டர் நீளமுள்ள குட்டியாகப் பிறக்கிறது. ஓர் ஈற்றில் ஒன்று முதல் எட்டு குட்டிகள் வரை இருக்கலாம்; வழக்கமாக இரண்டு முதல் ஐந்து. பெண் சுறா முதிர்ச்சி அடைய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அப்போது அதன் நீளம் முக்கால் மீட்டரை ஒட்டியிருக்கும். ஏழெட்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தால், வாழ்நாள் முழுவதற்கும் ஒரு தாய் ஈனுவது பதினைந்து, இருபது குட்டிகள். இந்தக் கணக்கில் சுறா, கடலில் உள்ள மற்ற மீன்களைவிட நம் தொழுவத்துப் பசுவுக்கே நெருக்கமானது. கன்றையும் கறவையையும் சேர்த்து விற்றுவிட்ட வீட்டில் அடுத்த ஆண்டு பால் இருக்காது என்பதை டெல்டாக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் சுறாக்களுக்குள் ஒப்பிட்டால் பால் சுறா வேகமாகப் பெருகும் இனமே. பெரிய சுறாக்களில் பல இனங்கள் பத்தாண்டுக்கு மேல் வளர்ந்த பிறகே முதல் குட்டியை ஈனுகின்றன. தட்டை மூக்குச் சுறா இன்னும் வேகம்: கருக்காலம் ஏறக்குறைய ஆறு மாதமே, ஓர் ஈற்றில் பத்துக்கு மேற்பட்ட குட்டிகள் வருவதும் உண்டு. ஆகவே, அளவோடு பிடித்தால் தாங்கக்கூடிய சுறா என்று ஒன்று இருக்குமானால், அது இந்தச் சிறிய, விரைவில் முதிரும் இனங்களில்தான் இருக்க வேண்டும். அந்த அளவு ஏற்கெனவே மீறப்பட்டு வருகிறது என்பதும் உண்மை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பால் சுறாவை 'அழிவாய்ப்பு' நிலையிலும், தட்டை மூக்குச் சுறாவை அதற்கு முந்தைய, அச்சுறுத்தலை நெருங்கிய நிலையிலும் வைத்திருக்கிறது. வேகமாகப் பெருகும் இனத்துக்கே இந்த நிலை என்றால், அதே வலையில் சிக்கும் மெதுவான இனங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். 2021-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று சுறா, திருக்கை வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணித்தது. முதன்மைக் காரணம் அளவு மீறிய மீன்பிடிப்பு.

சுறாவைக் கேடில்லாமல் பிடித்து உண்ண முடியும் என்று வாதிடுபவர்கள் பொதுவாக இரண்டு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்வார்கள். இரண்டையும் நாம் கவனிக்க வேண்டும். அவற்றின் வெற்றிக்காக மட்டுமன்றி, அவை வெற்றி பெறத் தேவைப்பட்ட ஏற்பாடுகளுக்காகவும்.

முதலாவது, அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் பிடிக்கப்படும் முள் சுறா. காட் மீன் குறைந்த 1990-களில், யாரும் சீண்டாத மீன் என்று சொல்லி இதைப் பிடிக்க ஊக்கம் கொடுத்தார்கள். ஐரோப்பியச் சந்தை பெரிய மீனைக் கேட்டது. இந்த இனத்தில் பெரியவை எல்லாம் பெண் மீன்கள். முதிர்ச்சி அடையப் பன்னிரண்டு ஆண்டு அளவும், கருவைச் சுமக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டும் எடுக்கும் இனத்தில் தாய்களைத் தேர்ந்தெடுத்துப் பிடித்தால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று: 1998-இல் அந்த மீன்வளம் அளவு மீறிப் பிடிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. பின்னர் கடுமையான ஒதுக்கீடு வந்தது, 2010-இல் வளம் மீண்டதாக அறிவித்தார்கள், 2012-இல், கேடில்லாமல் பிடிக்கப்படும் மீன்வளங்களுக்குச் சான்று தரும் பன்னாட்டு அமைப்பான மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்றும் கிடைத்தது. அதே இனம் வடகிழக்கு அட்லாண்டிக்கில் சரிந்தபோது, ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பிடிப்பதற்கான ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கி, ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2023-இல்தான் மீண்டும் திறந்தது. ஒரே மீன் ஒரு கரையில் சான்று பெற்ற உணவாகவும் மறு கரையில் தடை செய்யப்பட்ட மீனாகவும் ஒரே காலத்தில் இருந்திருக்கிறது.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் தென்கடலில் பிடிக்கப்படும், ஆங்கிலத்தில் 'கம்மி' என்ற பெயருள்ள சுறா. அங்கே மக்கள் வறுத்த உருளைக்கிழங்குடன் சாப்பிடும் மீன் துண்டுகளில் இதுவும் ஒன்று. அங்குள்ள செவுள் வலைகளின் கண்ணி அளவை 150 முதல் 165 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி வரையறுத்திருக்கிறார்கள். இந்தக் கண்ணியில் குட்டிச் சுறா நுழைந்து வெளியேறிவிடும்; பெரிய தாய்ச் சுறாவின் தலை கண்ணிக்குள் புகாமல் முட்டித் திரும்பிவிடும்; நடுவயதுச் சுறா மட்டுமே மாட்டும். சில ஆண்டுகள் அந்த ஆபத்தைத் தாண்டி வளர்ந்துவிட்ட பெண் சுறா பிறகு நிம்மதியாகக் குட்டி ஈனும். சிறியதை விட்டுவிட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த விதி. பெரியதையும் விட வேண்டும் என்பது இங்கே கூடுதலாகக் கற்றுக்கொள்ள வேண்டியது. ஆனால், அதே கடலில் அதே வலைகளில் சிக்கிய ஸ்கூல் சுறா என்ற மெதுவாகப் பெருகும் இனம் இன்னும் மீளவில்லை. ஓர் இனத்துக்குப் பொருந்தும் வலை அடுத்த இனத்துக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை.

இந்த இரண்டு இடங்களிலும் இருந்த ஏற்பாடுகளில், ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற ஒதுக்கீடு இந்தியாவில் எந்தக் கடல் மீனுக்கும் நடைமுறையில் இல்லை. நம்மிடம் இருப்பவை படகு, வலை, காலம் ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடுகள். அவை சுறாவுக்கு எந்த அளவுக்கு உதவுகின்றன என்று பார்க்கலாம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டித்தான் இந்தத் தடையும் முடிகிறது என்பதால், நல்ல ஆண்டுகளில் டெல்டாவின் உழவும் கடல் தொழிலும் ஒரே வாரத்தில் தொடங்குகின்றன. முட்டையிடும் மீன்களுக்கு இந்த ஓய்வு பயன்தரும். ஓராண்டுக் கருவைச் சுமக்கும் சுறாவுக்கு எந்த இரண்டு மாதத்தை ஒதுக்கினாலும் மீதிப் பத்து மாதமும் அது வலைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். மேலும், தடை பெரிய விசைப்படகுகளுக்கானது. கரையோரத்தில் செவுள் வலை விரிக்கும் பைபர் படகுகள் அந்த நாட்களிலும் கடலுக்குப் போகின்றன. அவர்களின் வயிற்றுப்பாட்டைக் கருதினால் அது நியாயமே. ஆனால், சுறாக் குட்டிகள் பெரிய மீன்களிடமிருந்து தப்பி வளரத் தேர்ந்துகொள்வது ஆழம் குறைந்த அந்தக் கரையோர நீரைத்தான். கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாற்றிலிருந்து கோடியக்கரை வரையிலான கலங்கிய கரையோரமும், கோடியக்கரையைச் சுற்றித் திரும்பியதும் தொடங்கும் பாக் நீரிணையின் ஆழமற்ற நீரும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஒட்டிய பகுதியும் குட்டிகளுக்கு ஏற்ற இடங்கள்.

கண்ணி அளவு பற்றிய விதியிலும் இதே சிக்கல் உண்டு. இழுவை மடியின் முடிவில் மீன் சேரும் பையின் கண்ணியைச் சற்றுப் பெரிதாக்கினால் சிறு மீன் குஞ்சுகள் தப்பும். பால் சுறாவோ பிறக்கும்போதே ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருக்கிறது. இறாலைப் பிடிக்கும் எந்த மடியிலிருந்தும் அது தப்ப முடியாது. உயிரோடு விட்டுவிடலாம் என்றால், அதுவும் எல்லாச் சுறாவுக்கும் பொருந்தாது. நீந்திக்கொண்டே இருந்தால்தான் பால் சுறாவின் செவுளில் போதிய நீர் ஓடும். வலையில் அசையாமல் மாட்டியது விரைவில் இறந்துவிடும். தரையில் படுத்துக் கிடக்கும் மூங்கில் சுறாக்களும் திருக்கைகளும் தாமாக நீரை உறிஞ்சிச் சுவாசிப்பவை. அவற்றை எடுத்தவுடன் கடலில் விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பால் சுறாவுக்கு உதவக்கூடியது, வலையை இரவெல்லாம் போட்டுவைக்காமல் குறைந்த நேரத்தில் இழுத்து ஏற்றிவிடுவதும், குட்டிகள் திரளும் இடத்தில் வலை விடாமல் இருப்பதும்தான்.

இனி, கூடையில் கிடப்பது எது என்று கண்டுபிடிக்கும் வழி. இது நினைப்பதைவிட எளிது. மீனைப் புரட்டி வயிற்றுப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மார்புத் துடுப்புகளுக்கு நடுவே சிறு கீறல் போன்ற வடு, இன்னும் ஆறாமலோ சிவந்தோ இருந்தால், அது தொப்புள்கொடி அறுந்த இடம். அந்த மீன் பிறந்து சில வாரங்களே ஆன குட்டி. அடுத்து, வால் பக்கம் இருக்கும் சிறிய இரண்டாம் முதுகுத் துடுப்பையும் அதற்குக் கீழே உள்ள குதத் துடுப்பையும் ஒப்பிட வேண்டும். பால் சுறாவில் மேல் துடுப்பு, கீழ்த் துடுப்பு தொடங்கும் இடத்தைவிட நன்றாகப் பின்தள்ளித் தொடங்கும். பெரிய சுறா இனங்கள் பலவற்றின் குட்டிகளில் இரண்டும் ஏறக்குறைய நேருக்கு நேர் இருக்கும். வாயின் ஓரங்களில் நீண்ட மடிப்புக் கோடு இருப்பதும் பால் சுறாவின் அடையாளம். துடுப்பு நுனிகள் மை தொட்டதுபோல் அழுத்தமாகக் கறுத்திருந்தால் அது பால் சுறா அன்று. தலை பக்கவாட்டில் அகன்றிருந்தால் அது கொம்பன் சுறாவின் குட்டி. ஆண் மீனாக இருந்தால் இடுப்புத் துடுப்பை ஒட்டிய இரண்டு நீட்சிகளைத் தொட்டுப் பார்க்கலாம்: நீண்டு விறைப்பாக இருந்தால் முதிர்ந்தது, குட்டையாக வளைந்துகொடுத்தால் இளையது.

துடுப்பு நுனி கறுத்த சிறு சுறா என்றதும் ஒன்றை நினைவூட்டாமல் கடந்து போக முடியவில்லை. புதுச்சேரியின் பெயரையே தாங்கிய பாண்டிச்சேரி சுறா, 1839-இல் அறிவியல் பெயர் பெற்றது. அதுவும் ஒரு மீட்டர் அளவே வளரும் சிறிய சுறா. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்தார்கள். இன்று அது மிக அருகிய இனம். பல பத்தாண்டுகளாக இந்தியக் கரையில் உறுதியாகப் பதிவானதில்லை. சிறிய இனம் என்பதாலேயே ஒரு சுறா பாதுகாப்பாக இருந்துவிடும் என்று எண்ணுவோருக்கு நம் அண்டை ஊரின் பெயர் கொண்ட இந்த மீனே மறுப்பு. அதே அட்டவணையில் வேளா மீன்களும் உள்ளன. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. வாள்போல் நீண்ட கொம்புடைய வேளா மீனாகவே அது இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வழிபாட்டுக்கு எட்டும் அளவுக்கு அன்று பூம்புகார்க் கரையில் பழக்கமாக இருந்த மீனை, இன்று அங்குள்ள இளைஞர்களில் பெரும்பாலோர் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பால் சுறாவை உள்ளூரில் பிடிப்பதும் விற்பதும் தடை செய்யப்படவில்லை. 2013-இல் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிவது தடுக்கப்பட்டது. 2015-இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு, பால் சுறாவும் தட்டை மூக்குச் சுறாவும் அடங்கிய குடும்பம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பர் முதல் இவற்றை ஏற்றுமதி செய்ய, பிடிப்பதால் இனத்துக்குக் கேடில்லை என்ற சான்று தேவை. தஞ்சாவூர்ச் சந்தையில் கால் கிலோ வாங்குபவரை இது தொடுவதில்லை. உள்ளூர் உணவாக இருக்கும்வரை, பொறுப்பும் உள்ளூரில்தான் இருக்கிறது.

அந்த உள்ளூர்த் தேவையின் நடுவில் இருப்பவர்கள் பிள்ளை பெற்ற பெண்கள். பால் சுறாப் புட்டும் பூண்டு சேர்த்த குழம்பும் தாய்ப்பால் பெருக்கும் என்ற நம்பிக்கை டெல்டா வீடுகளில் ஆழமானது. புட்டுச் செய்யும் முறையிலேயே நல்ல அறிவு இருக்கிறது. சுறா தன் இரத்தத்திலும் சதையிலும் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கும் மீன். இறந்த பின் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றுவதால்தான் பழைய சுறாவில் நெடி ஏறுகிறது. மஞ்சளும் உப்பும் போட்ட நீரில் துண்டுகளை வேகவைத்து, மணல்போல் நெருடும் தோலை உரித்து, நடுவில் உள்ள குருத்தெலும்பை உருவி எறிந்துவிட்டு, உதிர்த்த சதையை இரு கைகளாலும் இறுகப் பிழியும்போது அந்த நீரோடு யூரியாவின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. பிறகு கடுகு தாளித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, பஞ்சுபோல் உதிரும் வரை கிளறினால் முள் பயமே இல்லாத உணவு தயார். குழந்தைகளுக்கும் பல் போன முதியவர்களுக்கும் இதைவிட வசதியான மீன் கறி இல்லை.

ஆனால் பாதரசம் பிழிந்தால் போகாது. உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகவும், மீனின் வயது கூடக் கூடவும் மெத்தில் பாதரசம் சதையில் சேர்ந்துகொண்டே வரும். வளரும் மூளைக்கு அது கெடுதல். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் சிறு குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. சில ஆண்டுகளே வாழும் சிறிய இனங்களில் பாதரசம் ஒப்பீட்டளவில் குறைவாக இருக்கும் என்றாலும், கடையில் துண்டு போட்டு விற்கும் சுறா எந்த இனம், எத்தனை வயது என்று வாங்குபவர் அறிய வழியில்லை. ஆழ்கடல் தூண்டிலில் சிக்கும் பெரிய சுறாவும் அதே பெயரில் விற்கப்படுகிறது. எனவே, பிள்ளைத்தாய்ச்சிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சுறாவை விட்டுவிட்டு நெத்திலியும் மத்தியும் கொடுப்பதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன். தாய்க்கு வேண்டிய புரதமும் கொழுப்பு அமிலங்களும் அவற்றில் தாராளமாக உள்ளன. அவை விரைவில் பெருகும் மீன்களும்கூட. கொடுவா போன்ற சதைப்பற்றான மீனை முள் நீக்கி இதே முறையில் புட்டாக்கலாம். இந்த ஒரு பழக்கம் மாறினாலே சந்தையில் சுறாக் குட்டிக்கான பிடிவாதமான தேவை கணிசமாகக் குறையும்.

மற்றவர்கள் சாப்பிடும் சுறாவுக்கு என்ன செய்யலாம்? டெல்டாக் கடற்கரையில் பயன்படுத்தப்படாத வலிமை ஒன்று இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமைக் கிராமமாகக் கொண்ட மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் எந்த வலையை எங்கே விடலாம் என்பதை நெடுங்காலமாகத் தாமே முடிவு செய்து வந்திருக்கின்றன. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலை குறித்த சச்சரவில் அவற்றின் குரல் எவ்வளவு ஓங்கி ஒலித்தது என்பதை எல்லோரும் கேட்டோம். குட்டிச் சுறாக்கள் வலையில் திரளாக ஏறும் வாரங்களில், ஆற்று முகங்களை ஒட்டிய குறிப்பிட்ட பாடுகளில் (வலை விடும் இடங்களில்) செவுள் வலை விடுவதில்லை என்று அந்தப் பஞ்சாயத்துகள் முடிவெடுத்தால், அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த வாரங்கள், எந்தப் பாடுகள் என்பது அங்கே வலை விடுபவர்களுக்கே நன்றாகத் தெரியும். பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு காப்பகம் கடற்புல் வெளிகளைக் காக்கும்போது, அங்கே மேயும் சுறாக் குட்டிகளுக்கும் அது இடம் தரும். அதன் எல்லைக்குள் இழுவை மடி நுழையாமல் பார்த்துக்கொள்வதில்தான் அதன் பயன் இருக்கிறது.

இறங்குதளத்தில் செய்ய வேண்டியது அதைவிடச் சிறிய வேலை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பாளர்கள் இறங்குதளங்களுக்கு வந்து மாதிரி எடுக்கிறார்கள். ஆனால், ஏலத்தில் எல்லாச் சிறு சுறாவும் ஒரே குவியலாகக் கொட்டப்படும்போது விலையிலும் பதிவிலும் இன வேறுபாடு மங்கிவிடுகிறது. தொப்புள் வடு ஆறாத குட்டிகளைத் தனிக் குவியலாகவும் வளர்ந்த பால் சுறாவைத் தனிக் குவியலாகவும் பிரித்து ஏலம் விட்டால், வளர்ந்த மீனுக்கு உரிய விலை கிடைக்கும், குட்டியின் விலை இறங்கும், எந்தப் பருவத்தில் எவ்வளவு குட்டி வருகிறது என்பதும் எல்லோர் கண்ணிலும் படும். கேரளம் 2015-இல் தொடங்கி, குறிப்பிட்ட மீன்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தைச் சட்டமாக்கியிருக்கிறது. அதுபோன்ற விதியைச் சுறாவுக்கு இங்கே கொண்டுவருவதானால், முதலில் இப்படிப் பிரித்த கணக்கு கையில் இருக்க வேண்டும். அதுவரை, முழு மீனாக வாங்குபவர்கள் இரண்டு அடிக்குக் குறைந்த சுறாவை வாங்காமல் இருப்பதும், கடைக்காரரிடம் மீனைப் புரட்டிக் காட்டச் சொல்லி வடுவைப் பார்ப்பதும், வெட்டிய துண்டாக இருந்தால் வேறு மீன் கேட்பதும் இன்றே தொடங்கக்கூடியவை.